பென்சிலில் இருந்த பெயர்கள்

1

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. நெதர்லாந்தில் நகராட்சிக் கடிதம் என்றால் உறையைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வரும். பதினெட்டு வருடம் இங்கே குப்பை கொட்டியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. பிரித்தேன். என் மகள் யாழினிக்குப் பள்ளியில் ஒன்பது நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருந்தேன். மறுத்திருந்தார்கள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே பள்ளி நடக்கும் நாளில் பெற்றவர்கள் இஷ்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. பிள்ளை வருகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கென்றே நகராட்சியில் ஓர் அதிகாரி உண்டு. காரணமில்லாமல் வராவிட்டால் தேடிக்கொண்டு வருவார், அபராதம் விதிக்க வைப்பார். நெருங்கிய உறவில் சாவு, கல்யாணம் என்றால் விடுவார்கள். நான் எழுதிய காரணம் அவருடைய பட்டியலில் இல்லை. "செங்கல்பட்டில் என் தோழி மீது நடக்கும் துறை விசாரணைக்குப் போக வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

கணவருக்கு அந்த மாதம் முழுக்க நார்வேயில் வேலை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒன்பது நாள் விட்டுவிட்டுப் போக எனக்கு இங்கே ஆள் கிடையாது. அதிகாரிக்குப் போன் செய்து கெஞ்சினேன். பதற்றத்தில் என் டச்சு மொழி காலை வாரிவிடும். "விசாரணை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தண்டனை" என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக, "உங்கள் தோழி சிறையில் இருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை, அவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் என்றேன். அதற்கு விடுப்பு இல்லை என்றார்.

இங்கே ஒரு பிள்ளை ஒன்பது நாள் வராமல் போவதற்கு ஓர் அதிகாரியும் ஒரு கோப்பும் ஒரு கடிதமும் இருக்கின்றன. அங்கே பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் பதிவேட்டிலிருந்து போனார்கள். அவர்கள் போனதற்குக் காரணம் நான்தான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2

பிரேமாவும் நானும் படாளத்துக்காரிகள். இரண்டு வீட்டிலும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்த குடும்பங்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் நைனா பொங்கல் முடிந்ததும் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார். ஜூன் மாதம் திரும்பி வந்தபோது பதிவேட்டில் என் பெயர் இல்லை. அடித்துவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். மறு வருடம் திரும்ப அதே ஐந்தாவதில் உட்கார வைத்தார்கள்.

என்னோடு ஒரே வகுப்பில் இருந்த பிரேமா இரண்டு வகுப்பு முன்னால் போய்விட்டாள். அதற்கப்புறம் கல்லூரி வரைக்கும் அவளுடைய பழைய புத்தகங்களில்தான் படித்தேன். முக்கியமான இடங்களில் கோடு போட்டு வைத்திருப்பாள். "இத்த மட்டும் படி, மீதிய உட்டுடு, எவனும் கேக்க மாட்டான்" என்று சொல்லிக் கொடுப்பாள். நான் வெளிநாடு வரைக்கும் வந்தது அந்தக் கோடுகளால்தான் என்று நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன். பேசுவதில் எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

அவள் டீச்சரானாள். கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில், கடற்கரைச் சாலைக்கு உள்பக்கம், உப்பங்கழியோரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதித்தான் இந்த நிலைமை. இரண்டே டீச்சர்கள். அவள்தான் தலைமையாசிரியை. பாதிப் பிள்ளைகள் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பங்கள் பொங்கல் முடிந்தால் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போகும். ஜூனில்தான் திரும்பும்.

போன வருடம் ஆகஸ்டில் நான் போயிருந்தபோது பிரேமா முந்தைய கல்வியாண்டின் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். வந்த பிள்ளைக்கு நீல மை. சூளைக்குப் போன பிள்ளைக்குப் பென்சிலில் ஒரு புள்ளி. போனில் தினமும் வருகை போடச் சொல்லி ஓர் ஆப் கொடுத்திருக்கிறார்கள், அதில் எல்லாருக்கும் 'வந்தார்' என்று போட்டுவிடுவாள். இல்லாவிட்டால் பெயர் போய்விடும்.

"ஆப்ல பொய், பேப்பர்ல நெசம்" என்றாள். "எந்தப் புள்ள எங்க கீதுன்னு எனக்காவது தெரியணும் இல்ல."

"அப்போ மதிய சாப்பாடு?"

"வந்த புள்ளைக்கு மட்டுந்தான் முட்டை. அதுல கைய வெக்கலாமா? அது திருட்டு."

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றைக்குச் சூளையிலிருந்து திரும்பிய அம்மாக்கள் வரிசையாக வந்து வாசலில் நிற்பார்களாம். உள்ளே வர மாட்டார்களாம். பதிவேட்டில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று எல்லாரும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்களாம். "டீச்சர், பேரு கீதா?" இவள் "கீது, உள்ள அனுப்பு" என்பாளாம். பிள்ளை போய் அதன் இடத்தில் உட்காருமாம். அவ்வளவுதான் நடைமுறை. பத்து வருடமாக ஒரு பிள்ளைகூட அங்கே பாதியில் நின்றதில்லை.

"எப்படிடி தோணிச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"இன்னாடி கேக்குற? உம் பேர அடிச்சாங்களே, அன்னிக்கித் தோணிச்சு" என்றாள்.

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தேன். "எதுக்குடி போட்டோ?" என்றாள். நல்லதுக்குத்தான் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, டீ போட எழுந்து போனாள்.

3

என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்விக் கொள்கையை மாற்றச் சொல்லிப் போராடுகிற அமைப்புகளுக்கு இங்கிருந்து நிதி போகிறது. அந்தப் போராட்டத்தால் என்ன விளைந்தது என்று மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவதற்கும் ஒரு கூட்டத்தில் யாரோ மனுக் கொடுத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குவேன். நன்றாகவே விளக்குவேன்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன அமைப்பு நான்கு வருடமாக ஒரே ஒரு கோரிக்கையோடு நடையாக நடந்துகொண்டிருந்தது. சூளைக்குப் போகிற பிள்ளைகளின் பெயரை அந்த ஆறு மாதத்துக்கு அடிக்கக் கூடாது, அதற்கு ஓர் உத்தரவு போடுங்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அந்த அமைப்பை மதிப்பிடும் வேலை என்னிடம் வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதே சரி. என் பெயரை அடித்தார்கள் இல்லையா, அந்தக் கணக்கை நேர் செய்ய வந்த மகாராணி நான்.

உத்தரவு வரவில்லை. அறிக்கையில் விளைவு என்ற பத்தி காலியாக இருந்தது. காலியாக விட்டால் நிதி நிற்கும் என்று பயந்தேன். அப்போதுதான் பிரேமாவின் பதிவேடு நினைவுக்கு வந்தது. பெயரை அடிக்காமல் வைத்திருந்தால் பிள்ளை திரும்பி வருகிறது, இதோ கண்ணெதிரே ஆதாரம், இதைத்தான் எல்லாப் பள்ளிக்கும் உத்தரவாகப் போடுங்கள் என்று பின்னிணைப்பில் இரண்டு பக்கம் எழுதினேன். படத்தையும் சேர்த்தேன். பிள்ளைகளின் பெயரை மறைத்தேன். பள்ளிப் பெயரை எழுதவில்லை. "கடலுக்கும் கழிக்கும் நடுவில், இரண்டு ஆசிரியைகள் உள்ள தொடக்கப்பள்ளி" என்று மட்டும் எழுதினேன். அது எந்தப் பள்ளி என்று அந்தத் தடத்தில் ஓடுகிற பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிரேமாவைப் பற்றி இவ்வளவு நன்றாக யாரும் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டேன்.

அமைப்புக்காரர்களுக்கும் பெருமை தாங்கவில்லை. தமிழில் சுருக்கி, வழவழப்பான தாளில் அச்சடித்து, ஜனவரிக் கடைசியில் ஓர் அதிகாரியின் கையில் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர் கோரிக்கையைப் படித்தாரா என்று தெரியாது. புள்ளி வைத்த பதிவேட்டின் படத்தைப் பார்த்துவிட்டார். பிப்ரவரியில் ஆய்வுக்கு ஆள் வந்தது. சூளைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அங்கே இருக்கிற மாதம்.

4

பிரேமா போன் செய்தபோது நான் ரயிலில் இருந்தேன். இங்கே ரயிலில் போன் பேசுவதற்குத் தனிப் பெட்டி, பேசாமலிருப்பதற்குத் தனிப் பெட்டி. நான் பேசக் கூடாத பெட்டியில் இருந்தேன். எழுந்து கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"இன்னாடி எழுதி வச்ச?" என்றாள். கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன்னைப் பத்தி நல்லாத்தான் எழுதினேன், பிரேமா."

"நல்லாத்தான் கீது. படிச்சிக் காட்டுனாங்க. ஆப்ல முப்பத்தொரு புள்ளைங்க, முட்டைக் கணக்குல பத்தொம்பது. மீதிப் புள்ளைங்க எங்கம்மான்னு கேட்டாங்க. சூளைலன்னேன். அப்ப இதுக்கு இன்னா அர்த்தம்னு உன்னோட புத்தகத்த எடுத்து வச்சாங்க."

நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"முட்டையிலயும் பொய் சொல்லியிருந்தா ரெண்டும் ஒத்துப் போயிருக்கும்டி. ஒயுங்கா இருந்ததால மாட்டிக்கினேன்."

பன்னிரண்டு பெயரையும் அன்றைக்கே நீக்கினார்கள். மீதிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக ஒரு பள்ளி எதற்கு என்ற பேச்சு மறு வாரமே தொடங்கிவிட்டது. பிரேமாவுக்கு மெமோ கொடுத்தார்கள். ஏப்ரலில் விசாரணை என்றார்கள்.

மறுநாள் என் மேலாளரிடம் போய் அந்தப் பின்னிணைப்பை எடுத்துவிடலாம் என்றேன். அவர் நல்ல பெண்மணி, நிஜமாகவே நல்லவர். காபி போட்டுக் கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வெளியான அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது என்றார். பிறகு திரையைப் பார்த்து ஏதோ யோசித்தார். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்தப் பணியின் காரணமாக அரசுத் தரப்பில் ஏதேனும் நடவடிக்கை ஏற்பட்டதா? அதை நான் காலியாக விட்டிருந்தேன். "ஆய்வு நடந்திருக்கிறதே, அதுவும் நடவடிக்கைதானே?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அவர் செய்தது சரி.

அன்று மாலை சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் அழுதேன். எதிர்க்காற்றில் இங்கே எல்லாருக்கும்தான் கண்ணில் நீர் வரும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

5

விடுப்பு மறுத்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு யாழினியைக் கூப்பிட்டேன். அவள் தமிழ் பேசுவாள். ஆனால் எண்ணி எண்ணிப் பேசுவாள். வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிற செருப்பைப் போலத்தான் அவளுக்குத் தமிழ். எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் செய்யலாம் என்றேன். பள்ளிக்குப் போன் செய்து உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன், நாம் கிளம்பிவிடலாம்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"ஒரு பேச்சுக்குத்தாம்மா."

"அது பொய். நான் மாட்டேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்தாள். "பிரேமா ஆன்ட்டி பசங்க இல்லாதப்போ இருக்காங்கன்னு போட்டாங்க. நீங்க அதை எழுதினீங்க. அவங்களுக்குப் பிரச்சினை ஆச்சு. இப்போ நான் இருக்கும்போது இல்லைன்னு நீங்க சொல்வீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையிலிருந்த தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் பயப்படவில்லை, குனிந்து பொறுக்கி எடுத்தாள். இந்த நாடு அவளை இப்படி வளர்த்திருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பொய்யில் ஒரு பிள்ளையின் படிப்பு பிழைத்திருக்கும் என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. எனக்கே அது மறந்துபோய்த்தானே அந்த இரண்டு பக்கத்தை எழுதினேன்.

நான் போகவில்லை. அதிகாரிக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ கட்டுகிறார்கள். பிரேமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதுதான் உண்மை. அதற்குப் பதிலாகக் கடிதம் எழுதி அனுப்பினேன். அவர் சொந்த ஆதாயத்துக்காக எதையும் செய்யவில்லை, ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லை, பிள்ளைகளின் நலனுக்காகவே பென்சிலில் குறித்து வந்தார் என்று நான்கு பக்கம். அழகான தமிழ், ஒரு பிழை கிடையாது.

விசாரணை முடிந்த மாலை அவள் போன் செய்தாள்.

"விசாரிக்கிற ஆபீசரு உன்னோட லெட்டரப் படிச்சாரு. ஃபாரின்ல கீற அம்மாவே எழுதி ஒத்துக்கினாங்களே, அப்பறம் எதுக்கு சாட்சின்னு மூடி வச்சாரு. பத்து நிமிஷத்துல முடிஞ்சிபோச்சி."

"பிரேமா, நான் உனக்கு உதவி பண்ணத்தான்..."

"தெரியும்டி. நீ இனிமே எனக்கு எதுவும் எழுதாத. உன் கால்ல வேணா உழறேன்."

ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். கழியோரப் பள்ளியைக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு இணைத்தார்கள். அந்தச் சாலையில் கார்கள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைத் தனியாகக் கடக்காது. பெயர் போன பன்னிரண்டு பேரும் 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' என்ற பட்டியலுக்குப் போனார்கள். அதற்கென்று ஆள் வந்து, குடிசை குடிசையாகக் கணக்கெடுத்து, மறுபடி சேர்க்க வேண்டுமாம். அதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும், சூளையிலிருந்து வண்டியும் வந்துவிடும்.

நான் எழுதாத கடிதம் இல்லை, தட்டாத மின்னஞ்சல் முகவரி இல்லை. ஒரே ஒரு பதில் வந்தது. உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றது. எந்தப் பிரிவு என்று அதில் இல்லை.

6

போன வாரம் அங்கே பள்ளி திறந்தார்கள். இங்கே காலை ஏழு மணி. யாழினிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பிரேமாவின் பெயர் போனில் வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"எங்க இருக்கே? ஸ்கூல்லயா?"

"என்னோட ஸ்கூல்லதான். கேட்டுல பூட்டு தொங்கிகினு கீது. வெளில நிக்கிறேன்."

புதுப் பள்ளிக்கு முதல் நாளே விடுப்புப் போட்டுவிட்டு, மதுராந்தகத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எதற்குடி என்றேன்.

"சூளைலருந்து இன்னிக்குத்தான் வருதுங்க. அதுங்களுக்கு ஸ்கூல் மூடுனது தெரியாது, யாரு சொல்லியிருப்பா? பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். சொல்றதுக்கு ஒரு ஆளாவது நிக்கணும் இல்ல."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, காக்கைச் சத்தம் கேட்டது. பிரேமா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யாழினி ரொட்டியைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்ணின் குரல் தள்ளி இருந்து கேட்டது. கன்னியம்மாவாக இருக்க வேண்டும். ஆகஸ்டில் நான் போனபோது ஒரு கூடை இறாலோடு வந்து, தன் மகள் மூன்றாவது படிக்கிறாள், நோட்டில் முத்து முத்தாக எழுதுவாள் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"டீச்சர், இன்னா வெளிய நின்னுகினு கீறீங்க? புள்ளையக் கூட்டியாந்துட்டேன். பேரு கீதா?"

பிரேமா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியாது கன்னிம்மா. இவங்களக் கேளு, இவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். போன் கை மாறியது.

"அம்மா, நான் கன்னிம்மா பேசுறேன். எம்பொண்ணு பேரு கீதாம்மா?"

என்னென்னவோ எழுதுகிறவள் நான். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உன் பிள்ளையின் பெயரை அடிக்க வைத்தவள் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை பக்கத்தில் எதையோ கேட்டுச் சிணுங்கியது.

"கீதும்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் வாயால் சொல்லி இருபது வருடம் ஆகியிருக்கும்.

"கீதாம், வாடி" என்று அவள் மகளிடம் சொல்லுவது கேட்டது. பிரேமா போனை வாங்கிக்கொண்டாள்.

"சொல்லிட்ட இல்ல. வந்து அந்தப் பேர எழுது" என்றாள். வைத்துவிட்டாள்.

யாழினி பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஊர்ப் பேச்சு அவளுக்குப் புரியாது. "இப்போ என்ன சொன்னீங்கம்மா?" என்று கேட்டாள்.

பொய் சொன்னேன் என்றேன்.